பிளக்கின் ஃபைலில் என் பெயர்

நாகர்கோவிலில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் கம்பெனியில் நான்தான் மூத்தவன். அந்தக் குற்றத்துக்காக எல்லார் கம்ப்யூட்டரிலும் எடிட்டர் பிளக்கின்களைப் புதுப்பிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எடிட்டர் என்பது நாங்கள் புரோகிராம் எழுதும் மென்பொருள். பிளக்கின் அதில் மாட்டும் உதிரிச் சாமான்.

1. பெயர் வெட்டிய கதை

நவீனமாக இருக்க வேண்டும் என்று, ஃபைல்களில் யார் என்ன மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் 'கிட்' என்ற மென்பொருளைப் போட்டேன். பிளக்கின் எழுதியவர் எங்கோ ஒரு திருத்தம் செய்தால், 'புல்' என்ற கட்டளை கொடுத்ததும் அது நம் ஃபைலில் வந்து சேரும். நம் கையால் அந்த ஃபைலைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

நான் தொட்டேன். ஃபைலைச் சேமிக்கும்போது இடைவெளிகளை ஒழுங்கு செய்யும் பிளக்கின் அது. செட்டிங்ஸில் ஒரு வரி எழுதினால் முடிகிற மாற்றத்தை, ஃபைலுக்குள்ளேயே புகுந்து செய்தேன். கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும் குத்துப்போணிப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல, மேலே ஒரு வரியும் எழுதினேன்: 'இதைத் தொடாதே – தாசன்'. பிறகு பென்டிரைவில் போட்டு எல்லாருக்கும் காப்பி செய்தேன். கிட் இருக்கும் ஆபீஸில் பென்டிரைவ்! என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

2. சிவப்பு எழுத்து

தினமும் காலையில் புல் தானாக ஓடும். ஒருநாள் திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. மஸ்கட்டில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்த எங்கள் முதலாளிக்கு அது ஆகாது.

"ஓய் தாசன், காலத்தெயே என்ன ஓய் செகப்பு? கஸ்டமர் வந்து பாத்தா என்ன நெனைப்பான்?"

செய்தியைப் படிக்காமலே, அது திரைக்கு வராதபடி, புல்லை ஓட்டும் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். எட்டு மாதம் திரை சுத்தமாக இருந்தது. எல்லாம் அப்டேட்டாக இருப்பதாக மீட்டிங்கில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3. ஜெபசெல்வியின் சார்ஜர்

இராஜாக்கமங்கலத்திலிருந்து வரும் ஜெபசெல்விக்கு அது ப்ரொபேஷனின் கடைசி மாதம். வேலை உறுதியாகாவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். ஒரு ஆஸ்பத்திரிக்கான லேப் ரிப்போர்ட் அச்சு வடிவத்தை, இடைவெளிகளை எண்ணிக் கட்டம் கட்டி, எங்களில் அவள் மட்டும்தான் எழுதினாள். சோதனைப் பிரிண்டில் சர்க்கரை அளவு வேறு கட்டத்தில் போய் உட்கார்ந்தது. மூன்று முறை திருத்தினாள். மூன்று முறையும் அதே கதி.

"கட்டம் கட்டத் தெரியாத பிள்ளைய வச்சு நான் என்ன செய்ய? மதியம் லெட்டர் குடுத்திருவோம்," என்றார் முதலாளி.

அவள் தப்பை நிரூபிக்கிற ஆவலில் நானே அந்த ஃபைலைத் திறந்து, ஒன்றும் தொடாமல் சேமித்தேன். கட்டம் நகர்ந்தது. சேமிக்கும்போது இடைவெளியில் கை வைப்பது அந்தப் பிளக்கின் மட்டும்தான். புல்லைக் கையால் ஓட்டினேன். சிவப்பில் வந்தது: 'நீங்கள் மாற்றிய ஃபைல் அழிந்துவிடும் என்பதால் புதுப்பிக்கவில்லை.' இந்தக் கோளாறைப் பிளக்கின்காரர் எட்டு மாதம் முன்பே சரிசெய்திருந்தார். அந்தத் திருத்தம் என் பெயர் வெட்டிய ஃபைலின் வாசலிலேயே நின்றிருந்தது.

என் மாற்றத்தை நான் கிட்டில் பதியவே இல்லை. எல்லார் கம்ப்யூட்டரிலும் ஃபைலைப் பழையபடி ஆக்கும் ஒரு கட்டளை அடித்தால் தடயம் இருக்காது. விரல் கீபோர்டுக்குப் போனது, பொய் சொல்ல மாட்டேன். அப்போது அவள் மேசையை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்:

"அண்ணே, இந்தச் சார்ஜர் ஆபீஸுக்குள்ளதா, எனக்குள்ளதா? மறந்து போச்சு."

வெட்கமாக இருந்தது. முதலாளியை அழைத்து வந்து திரையைக் காட்டினேன்.

"இது ஒம்ம பேருல்லா?"

"ஆமா சார். தப்பு எனக்குள்ளது."

"அப்பம் லெட்டர் ஒமக்குல்லா ஓய் குடுக்கணும்? பிளக்கின் வேலைய இனி அந்தப் பிள்ளை பாக்கட்டும்."

ஜெபசெல்வி வேலையில் உறுதியானாள். பொறுப்பேற்றதும் அவள் செய்த முதல் காரியம், செய்தியை மறைக்க நான் சேர்த்த வரியை நீக்கியது. தப்பு செய்வதைவிட, அதைச் சொல்ல வருகிறவன் வாயைப் பொத்துவதுதான் பெரிய தப்பு என்று இத்தனை வருஷ சர்வீஸில் அன்றைக்குத்தான் படித்தேன். படித்தேன், அவ்வளவுதான். மறுவாரமே பன்னிரண்டு திரைகளில் ஒன்று மட்டும் சிவந்திருந்தது.

அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். "அண்ணே, நேத்து எந்த ஃபைல்ல கை வச்சிய?"