தவிட்டுக்குப் போன தம்பி

எங்கள் வீட்டில் யாரும் வெறுமனே வெளியே போய்விட முடியாது. எங்கே போகிறோம், யாரோடு, எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டுமான சட்டம் இல்லை இது. அம்மாவே கொல்லையில் காயும் துணியை எடுக்கப் போனாலும், "கொல்லைக்குப் போறேன், வந்துடுறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவே இதைக் கேலி பேசியது. கலெக்டர் டூர் கிளம்புகிறார் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சிரிப்பாள்.

அம்மா கடலூர் முதுநகரில் பிறந்தவள். வீட்டில் வரிசையாகப் பெண்கள். சிதம்பரத்தில் இருந்த அவளுடைய சித்திக்குப் பிள்ளை இல்லை. அம்மாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது, தேர் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி அவளுடைய அப்பா ரயிலேற்றிக் கூட்டிப்போனார். தேரும் பார்த்தார்கள். சாயங்காலம் சித்தி வீட்டில் அவள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தபோது அவர் மட்டும் கிளம்பிப் போய்விட்டார். சித்தி நல்லவள். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, பட்டுப் பாவாடை தைத்துக் கொடுத்தாள், பள்ளிக்கூடம் அனுப்பினாள். பிறந்த வீட்டில் இத்தனை கிடைத்திருக்குமா என்று எல்லோரும் கேட்டார்கள். அதனால் அம்மாவுக்கு வாய்விட்டு அழக்கூட ஒரு காரணம் இல்லாமல் போயிற்று. கல்யாணம் ஆகிறவரை அங்கேயேதான் இருந்தாள். இதை அவள் எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவை, அரிசி புடைத்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல.

அறுபதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது தம்பி பிறந்தான். அவனுக்கு முன்னால் பிறந்த ஒரு பையன் பல் முளைக்கும் முன்பே போய்விட்டிருந்தான். பிரசவத்துக்கு ஒத்தாசையாக அப்பாவின் அக்கா பண்ருட்டியிலிருந்து வந்திருந்தாள். அத்தை கெட்டிக்காரி. வீட்டில் நுழைந்த மறுநாளே, இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமானால் தவிட்டுக்குக் கொடுத்து வாங்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். பிள்ளை தங்காத வீடுகளில் எங்கள் பக்கம் செய்கிற வழக்கம்தான் அது. பிறந்ததை ஒரு முறம் தவிட்டுக்குப் பக்கத்து வீட்டாருக்கு விற்றுவிடுவார்கள். இனி அது அவர்கள் பிள்ளை. பெற்றவள் அதை வளர்ப்புப் பிள்ளையாக வாங்கிக்கொள்வாள். எமன் வந்தால் வீடு தெரியாமல் ஏமாந்து போவானாம். தவிடு மாட்டுக்குப் போகும். எல்லாம் கால் மணி நேரத்து விளையாட்டு.

பிள்ளை பெற்றவளைப் போட்டு எதற்குக் குழப்ப வேண்டும் என்று அத்தை நினைத்தாள். அதனால் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. "குழந்தைய குடு, பக்கத்து வீட்டுல காட்டிட்டு வந்துடுறேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் குழந்தை இல்லை, முறத்தில் தவிடு இருந்தது. அதை அம்மாவின் மடியில் வைத்தாள்.

அம்மா கத்தவில்லை. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே பக்கத்து வீட்டு அம்மாள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, "எங்க வீட்டுப் புள்ளைய நல்லபடியா வளத்துக் குடு" என்று சிரித்தபடி நீட்டினாள். அம்மா கை நீட்டவில்லை.

"அது உங்க புள்ளதாங்க. நீங்களே வெச்சுக்குங்க" என்றாள்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தம்பிக்கு அம்மா இல்லை. மார்பில் கொண்டுபோய் விட்டால் பால் கொடுப்பாள், பார்வை சுவரில் இருக்கும். தானாகத் தூக்க மாட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். காற்றுக் கருப்பு என்றார்கள். திருவந்திபுரத்துக்கு மொட்டை வேண்டிக்கொண்டார்கள். லேடி டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். தம்பியைத் தூளியில் போட்டு ஆட்டியது நான்தான். ஒருநாள் அவனைக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது அம்மா என்னைக் கூப்பிட்டு மெல்லிய குரலில் சொன்னாள்: "ஆசை வெக்காதடி. அவுங்க புள்ள. ஒரு நாளைக்கு வந்து கேப்பாங்க."

நான் இளைத்துவிட்டேன் என்று அத்தைக்குக் கவலை. இந்தக் கவலையிலிருந்துதான் அடுத்த யோசனை பிறந்தது. அம்மா தேறுகிறவரை என்னைச் சிதம்பரத்துச் சித்திப்பாட்டி வீட்டில் விடலாம் என்று அப்பாவும் அத்தையும் பேசி முடித்துவிட்டார்கள். மார்கழித் தேர் வந்தது. தேர் பார்த்துவிட்டு வரலாம் என்றார் அப்பா. அவர் தந்திரக்காரர் இல்லை. என்னை அழவிடாமல் கூட்டிப்போக அவருக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அத்தை கனகாம்பரம் வைத்துப் பின்னிவிட்டாள். நான் குஷியாக இருந்தேன்.

அம்மா பாயிலிருந்து என்னைப் பார்த்தாள். பிறகு வாசலருகே இருந்த துணிப்பையைப் பார்த்தாள். எழுந்து வந்து பையை அவிழ்த்தாள். பாவாடைகள், சிலேட்டு, தமிழ்ப் புத்தகம், வாய்ப்பாடு. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"தேர் பாக்க வாய்ப்பாடு எதுக்குங்க?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா குனிந்து வாய்ப்பாட்டை எடுத்துப் பைக்குள் போடப் போனார்.

"எங்க போற, எப்ப வருவன்னு அவகிட்ட சொல்லுங்க. சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

அப்பாவால் சொல்ல முடியவில்லை. தூளியில் தம்பி அழத் தொடங்கினான். அம்மா போய் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசற்படியில் வழியை அடைத்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். இன்னொரு கையில் என் பின்னலைப் பிடித்திருந்தாள். வலித்தது. விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்றோடு அவளுக்குச் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். தம்பியைத் தூக்கினாள், கொஞ்சினாள். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாள் வருகிற சத்தம் கேட்டால் அவனை உள்ளே அனுப்பிவிடுவாள். அவனுக்கு மீசை முளைத்த பிறகும் அனுப்பினாள். அத்தை மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

என்னைக் கட்டிக்கொடுத்தது சிதம்பரத்துக்கேதான். என்னை யாரும் எங்கேயும் விட்டுவிட்டுப் போனதில்லை, என் பிள்ளையை யாரும் தவிட்டுக்கு விற்றதும் இல்லை. இருந்தும் மகள் பிறந்த பிறகு, குழந்தையைக் குடு, காட்டிவிட்டு வருகிறேன் என்று யாராவது கை நீட்டினால் எனக்கு உள்ளங்கை சில்லிட்டுவிடும். சிரித்துக்கொண்டே கொடுப்பேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

மகளுக்கு நான்கு வயதிருக்கும். சொல்லிவிட்டுப் போகிற சட்டத்தை நான் அவளுக்குப் போட்டதில்லை. ஒரு மத்தியானம் தெருப் பிள்ளைகளோடு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மூச்சிரைக்க ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வாசல்லதாம்மா இருக்கேன். எங்கயும் போவல."

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மறுபடியும் சொல்ல வந்தாள்.