லாரி மேலிருந்து வந்த கேள்வி

முதலில் மன்னிக்க வேண்டும். எட்டாவது வரைதான் படித்திருக்கிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத எனக்கு என்ன தகுதி என்று நினைத்து, எழுதிய தாளை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003 வாக்கில், சம்பா அறுவடை சமயம். உத்திரமேரூரில் ஒரு அரிசி மில்லில், களத்தில் காயும் நெல்லைத் துழாவுகிற வேலை எனக்கு. மில்லுக்குள்ளேயே லாரி எடை போடுகிற மேடை உண்டு. பக்கத்துச் சின்ன அறையில் கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொள்ள மாகறலிலிருந்து ஒரு பெண் வருவாள். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாததால் அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. எனக்கு எழுத்துத் தெரியும் என்பதால், மதியம் அவள் சாப்பிடும் நேரத்தில் லாரி நம்பர் அடித்து எடைச்சீட்டு எடுக்க எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அன்று அவள் லீவு. தங்கைக்கு வளைகாப்பு. முதல் லாரி மூட்டைகளோடு மேடையில் ஏறி நின்றது. கம்ப்யூட்டரைப் போட்டேன். தொடங்கும்போது எப்போதும் வருகிற மேகப் படம் வந்தது, அப்படியே நின்றது. அணைத்துவிட்டுப் போட்டாலும் அதேதான். வெளியே வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

முதலாளி காஞ்சிபுரத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்காரருக்கு போன் போட்டார். போன் இருப்பது களத்துக்கு அந்தப் பக்கம், முதலாளி அறையில். நான் இந்தப் பக்கம். நடுவில் மில் ஓடுகிற இரைச்சல். அதனால் மேடையில் நின்ற லாரியின் டிரைவர் மூட்டைகள் மேல் ஏறி நின்றுகொண்டார். அங்கிருந்து இரண்டு ஜன்னலும் தெரியும். போனில் வருவதை முதலாளி கத்துவார், டிரைவர் அதை என்னிடம் கத்துவார்.

"அணைச்சிட்டுப் போடணுமாம். எழுத்து வரும்போது எஃப் எட்டுன்னு மேல ஒரு பட்டன் கீதாம், அதத் தட்டணுமாம்."

போட்டேன். கருப்பாக எழுத்து ஓடியது. டிரைவர் "தட்டு" என்று சொல்வதற்குக் காத்திருந்தேன். அவர் சொன்னபோது மேகம் வந்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி மேகம். மூன்றாவது தடவையும் அப்படியே ஆனது. எந்த எழுத்தைச் சொல்கிறார்கள், எதற்குத் தட்ட வேண்டும், ஒன்றும் விளங்கவில்லை.

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "அவரு சொல்லி, இவரு சொல்லி, நான் சொல்லி நீ தட்டறதுக்குள்ள வண்டி மெட்ராஸே பூடும்க்கா. நீ யாரையும் கேக்காத. போட்டதுலேர்ந்து தட்டிக்கினே இரு."

அப்படியே செய்தேன். மேகம் வரவில்லை. வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் வந்தது. மூன்றாவதை அமுக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் கழித்து ஒரு கருப்புத் திரை வந்தது. நாலு மூலையிலும் ஏதோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. படங்கள் எல்லாம் பெரிது பெரிதாக இருந்தன. எடை போடுகிற படத்தை அமுக்கினால் அது வேலை செய்யவில்லை. முழுசாகக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"நல்லதாம்க்கா," என்றார் டிரைவர்.

"இன்னா நல்லது? ஒண்ணுமே வேல செய்யலயே."

"அதான் நல்லதாம். கூட வந்து ஒட்டிக்கிறதெல்லாம் வுட்டுட்டு, அது மட்டும் தனியா எழுந்துகீதாம். அப்படின்னா மெஷினு கெடலயாம்."

காது கேட்கவில்லை என்று முதலாளி மில்லை நிறுத்தச் சொன்னார். களம் சட்டென்று அமைதியானது. துழாவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்போதுதான் லாரி மேலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"புதுசா எதனா உள்ள போட்டீங்களான்னு கேக்கறாரு."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு முந்தின நாள் மதியம் நினைவுக்கு வந்தது. எடை அறையில் கிடந்த பழைய பேப்பர் கட்டுக்குள் ஒரு புத்தகம், அதோடு ஒட்டிய சி.டி., மேலே மீன் படம். தனியாக இருந்தேன். ஆசையாக இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டு, அது கேட்டதற்கெல்லாம் சரி என்று அமுக்கினேன். திரை முழுக்க மீன்கள் நீந்தின. பத்து நிமிஷம் பார்த்திருப்பேன்.

"இல்ல," என்றேன்.

டிரைவர் அதை அப்படியே சொன்னார். முதலாளி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "இவளுக்கு இன்னா தெரியும். அந்தப் பொண்ணுதான் எதையோ போட்டு வச்சிட்டு லீவுல பூட்டுகீது. நாளையிலேர்ந்து அது வரவேணாம், வேற ஆள் பாத்துக்கறேன்."

கடையில்கூட சத்தமாக ஒரு பொருள் கேட்டு வாங்கத் தெரியாதவள் நான். ஆனாலும் எழுந்து ஜன்னலருகே போய்ச் சொன்னேன்.

"இன்னாக்கா, கேக்கல. சத்தமா சொல்லு."

"நான்தான் போட்டேன். மீனு."

டிரைவர் அந்தப் பக்கம் திரும்பி, "மொதலாளி, அந்தப் பொண்ணு இல்லியாம். இந்த அக்காதான் மீனு போட்டுச்சாம்," என்றார்.

"இன்னா மீனுடி? ஏரிக் கெண்டையா?" என்று களத்திலிருந்து ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. போனில் ஏதோ பேசினார்.

அதன் பிறகு வேலை சீக்கிரம் முடிந்தது. எங்கே போய் எதை அமுக்குவது என்று ஒவ்வொன்றாக லாரி மேலிருந்து வந்தது. அந்த மீன் சமாச்சாரத்தை எடுத்துவிட்டு, வழக்கம்போல் போட்டேன். மேகம் வந்தது, போனது, எடைத்திரை வந்தது. டிரைவர் கீழே இறங்கிச் சீட்டை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

எல்லாவற்றையும் நிறுத்தினால்தான் கெடுத்தது எது என்று தெரியும் என்பது எனக்கு இன்னும் பாதிதான் புரிகிறது. உண்மையைச் சொன்னதற்காக என்னைச் சிலர் பிறகு மெச்சினார்கள். எனக்கோ முதலில் சொன்ன அந்த "இல்ல"தான் இன்று வரை உறுத்துகிறது. அந்தச் சின்னச் சொல்லில் ஒரு குடும்பத்தின் சோறு போயிருக்கும்.

மறுநாள் முதலாளி என்னை இனி எடை அறைக்குள் போகக் கூடாது என்றார். நான் களத்தில் நெல் துழாவினேன். எட்டரை மணி பஸ்ஸில் அந்தப் பெண் வந்து இறங்கி, எடை அறையைத் திறந்தாள்.