எங்கேருந்து அக்கா

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'எங்கேருந்து அக்கா'. ஒரு திருகாணி வந்து இறங்கினாலும், "இது எங்கேருந்து வந்துச்சு?" என்பாள். கடைப் பெயரைச் சொன்னால் விட்டுவிட மாட்டாள். கடைக்காரருக்கு யார் கொடுத்தது, அவருக்கு யார் கொடுத்தது என்று ஆணிவேர் வரை போவாள். தேநீர் கொண்டுவருகிறவர், "பால் பக்கத்துக் கடையிலேருந்துதான்க்கா, மாட்டை எல்லாம் கேக்காதீங்க" என்று டம்ளரை வைத்துவிட்டு ஓடுவார்.

அவள் கோபித்துக்கொண்டதில்லை. அவள் வேலையே அதுதானே. அங்கே தயாராவது, அட்டையைக் காட்டினால் கதவைத் திறந்துவிடும் சின்னப் பெட்டிகள். வாங்குவது அரசாங்கம். பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் எந்த ஆலையில் செய்தது, யார் யார் கைமாறி வந்தது என்று சொல்லியாக வேண்டும். தடை செய்த நிறுவனத்தின் பாகம் ஒன்று உள்ளே இருந்தாலும், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எவனோ அந்தக் கதவைத் திறந்துவிடலாம் என்ற பயம். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

அவளிடம் ஒரு எளிய சோதனை உண்டு. சில பேர்வழிகள் ஆகாத சிப்பின் முகத்தில் கறுப்புப் பூச்சு பூசி, மேலே நல்ல நிறுவனத்தின் பெயரை அச்சடித்து விற்பார்கள். பார்த்தால் புத்தம்புதிது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் அழுத்தித் தேய்த்தால், நகப்பூச்சு போவது போல மேல்பூச்சு கலைந்து குட்டு வெளிப்பட்டுவிடும். யார் கொண்டுவந்தாலும் அவள் பஞ்சைத் தொடாமல் சரக்கு உள்ளே போகாது. ஒருவனைத் தவிர.

அது அவள் தம்பி. சிப் வாங்கி விற்கிற சின்ன வியாபாரம் அவனுக்கு. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன வீட்டில், அவனுக்குச் சோறு ஊட்டியதும் செருப்பு மாட்டிவிட்டதும் இவள்தான். அவன் சரக்கு வந்தால் பிரிக்காமலேயே உள்ளே அனுப்பிவிடுவாள். "அவனைப் போயா சோதிக்கிறது?" என்று சிரிப்பாள். யாரும் மறுபேச்சு பேசியதில்லை. ஊரையே குடைகிறவள் ஒருவனை மட்டும் நம்பினால், அவன் சொக்கத் தங்கமாகத்தானே இருக்க வேண்டும்!

போன மாதம் சந்தையில் சிப்புக்குப் பெரும் தட்டுப்பாடு. எல்லாரும் கைவிரித்தபோது தம்பி மட்டும் கொண்டுவந்து இறக்கினான். முதலாளி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். பெட்டிகள் தயாராகிப் பாதி அனுப்பியும் ஆயிற்று.

பிறகு, அரசாங்க அதிகாரி ஒருவர் சோதனை முறைகளைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. முந்தின நாள் மத்தியானம் அவள் ஒத்திகை பார்த்தாள். போலிக்குக் காட்ட, முன்பு பிடிபட்ட சிப் ஒன்று இருந்தது. நல்லதுக்கு? அவள் யோசிக்கவே இல்லை. தம்பியின் ட்ரேயிலிருந்து ஒன்றை எடுத்துத் தேய்த்தாள்.

பஞ்சு கறுத்தது.

இன்னொன்றை எடுத்தாள். அதுவும் கறுத்தது. பூச்சுக்கு அடியில் தடை செய்த நிறுவனத்தின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

கூப்பிட்டதும் தம்பி வந்தான். பஞ்சைப் பார்த்து அவன் முகம் செத்துப்போயிற்று.

"எங்கேருந்துடா வாங்கின?"

"எங்கேயும் சரக்கே இல்லக்கா. ஒரு ஏஜென்ட் தன்கிட்ட இருக்குன்னான்."

"அவனுக்கு யார் குடுத்தா?"

"கேக்கல."

"கேக்கணும்னு தோணவே இல்லையா உனக்கு?"

"ஊர்ல எல்லாரையும் கேப்பே. என்னை ஒரு நாளாவது கேட்டிருக்கியா? நீ கேப்பேன்னு பயம் இருந்திருந்தா நானும் அவனைக் கேட்டிருப்பேன்க்கா."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போயிற்று. அவன் சொன்னதில் பொய் இல்லை.

"நாளைக்கு அதிகாரிகிட்ட சொல்லிடுவியா?" என்றான். "என் பொழப்பே போயிடும்."

அவள் ட்ரேயை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. பயந்துபோனார், அவ்வளவுதான். "நாளைக்கு வேற ட்ரேயை எடுத்துக் காட்டும்மா. இதை அப்புறம் சத்தமில்லாம மாத்திக்கலாம்."

"இங்கே இருக்கறதை மாத்தலாம் சார். போன பெட்டிங்க எந்தெந்தக் கதவுல மாட்டியிருக்குன்னு அரசாங்கத்துக்குத்தானே தெரியும்? சொல்லாம எப்படி மாத்தறது?"

அவர் ட்ரேயை அவள் பக்கம் நகர்த்தினார். "உன் தம்பிம்மா."

"தெரியும் சார்."

மறுநாள் அதிகாரியின் எதிரே அவள் தம்பியின் ட்ரேயையே வைத்தாள். தேய்த்தாள். அவர் கறுத்த பஞ்சைக் குனிந்து பார்த்துவிட்டு, "யார் சப்ளை?" என்றார்.

"என் தம்பி சார். சோதிக்காம உள்ளே விட்டது நான்."

போன பெட்டிகளையெல்லாம் கழற்றினார்கள். புதிதாகச் செய்து மாட்டும்வரை அடுத்த ஆர்டர் நின்றது. தாங்களாகவே சொன்னதால் தொழிற்சாலை தலை தப்பியது. தம்பிக்கு அந்த வாசல் மூடிவிட்டது. சப்ளை பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்கியதும் அவள்தான். இனிமேல் சொந்தக்காரர் சரக்குக்குத்தான் முதல் பஞ்சு என்று மேசை மேலே எழுதியும் ஒட்டினாள். அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அதன் பிறகு அவன் அவள் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. அம்மா வீட்டிலும் அவள் வருமுன் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவான். சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம், பஞ்சும் கையுமாக இருந்தபோது அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, வேற ஒரு கம்பெனிக்கு சரக்கு எடுக்கப் போறேன்."

"சரிடா."

அவன் வைக்கவில்லை.

"கேளுக்கா" என்றான்.

"எங்கேருந்துடா?" என்று எப்படியோ கேட்டுவிட்டாள்.

சொன்னான்.

"அவங்களுக்கு யார் குடுத்தா?"

அதையும் சொன்னான்.

"அதுக்கு முன்னாடி?"

"இரு, கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.