சின்ன மாமாவின் லொறித் தொலைக்காட்சி

லொறிக்குள் மின்சாரம் உண்டாக்கப்போவதாகச் சின்ன மாமா அறிவித்தபோது எனக்கு ஒன்பது வயது. யுத்த காலத்துக் கொழும்பு. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போட்டி, மின்வெட்டும் சரியாக அதே நேரத்தில். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாருக்கும் மாமாவின் லொறியில் மட்ச் பார்க்கலாமென்று நான் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மாமா கொட்டாஞ்சேனையிலிருந்து வெங்காய லொறி ஓட்டினார். எதையும் முறைப்படி செய்கிறவர். அந்த வியாதி எனக்கும் தொற்றி, பின்னாளில் மின்பொறியியலாளராகி அதற்குச் சம்பளமும் வாங்கினேன். முதலில் பற்றரி வயரைக் கழற்றினார். பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் இன்வேட்டர் பெட்டியை ஆசனத்தின் கீழ் இறுக்கினார். சிவப்பு வயரில் பற்றரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்தார். கறுப்பு வயரை, பெயின்ற் சுரண்டிய இரும்புச் சட்டத்தில் பூட்டினார். பெட்டியிலிருந்து இன்னொரு வயர் பின்பக்கம் ஓடி, தறப்பாளின் கீழ் சாக்குகளுக்கு நடுவே கட்டியிருந்த தொலைக்காட்சியில் முடிந்தது. சுவிட்ச் என் முழங்காலடியில்.

"நான் சொல்லுமட்டும் உதிலை கை வைக்கப்படாது, என்ன?"

"ஓம் மாமா."

வெள்ளவத்தைக்கு வரும் வழியில், காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்தார்கள். மாமா கடதாசிகளை வரிசையாக நீட்டினார்: அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, லொறியின் வரிப்பத்திரம், காப்புறுதி, தொலைக்காட்சி அனுமதிப்பத்திரம். இன்வேட்டருக்குத்தான் அந்த நாட்டில் யாரும் பத்திரம் கொடுப்பதில்லை.

ஆசனத்தடியில் குனிந்த சிப்பாய் மிக மெதுவாக நிமிர்ந்தான்.

"மேக்க மொகக்த?"

இது என்னவென்று கேட்டான். சிங்களத்தில் வெங்காயம் விற்றே வீடு கட்டிய மாமாவுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. இன்னொரு சிப்பாய் வயரைப் பின்தொடர்ந்து போய், தறப்பாளைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டான்.

சொல்லத் தெரியாவிட்டால் செய்து காட்டவேண்டியதுதானே. சுவிட்சைப் போட்டேன்.

சிப்பாய்கள் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் பாய்ந்தார்கள். மாமா என்னைத் தன் நெஞ்சோடு அமுக்கிக் கண்ணை மூடினார். பழைய தொலைக்காட்சி சூடேறச் சில விநாடிகள் பிடிக்கும். பிறகு தறப்பாளுக்குள்ளிருந்து மைதானத்துச் சனமெல்லாம் ஓவென்று கத்தியது.

முதலில் தலை நீட்டியவன் வந்து தறப்பாளைத் தூக்கிப் பார்த்தான். பிறகு ஸ்கோர் எவ்வளவென்று கேட்டான்: "ஸ்கோர் எக்க கீயத?"

இரண்டு ஓவர் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

வெள்ளவத்தையில் பிள்ளைகள் ஒழுங்கை முகப்பிலேயே காத்திருந்தார்கள். மாமா இறங்கி, அவர்கள் கண்முன்னே குறட்டால் வயர்களை நறுக்கினார். ஃபியூஸைக் கழற்றவில்லை, பற்றரியை விடுவிக்கவில்லை. அவருடைய வழக்கமான முறை எதுவுமே இல்லை.

"நல்லாத்தானே வேலை செய்தது" என்று அழுதேன்.

"ஓம் பிள்ளை. நல்லாத்தான் வேலை செய்தது."

ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் ஷொக் அடிக்குமென்று ஆமிக்காரர் ஓடி ஒளித்த கதையை ஒழுங்கை முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். மாமா மட்டும் ஒருநாளும் சிரிக்கவில்லை. பகிடி விளங்காத மனுசன் என்று முடிவு கட்டினேன்.