‘இதர ஆவணங்கள்’ என்ற தலைப்பில்

எங்கள் இணையப் படிப்பின் கையேட்டில் ஏழாவது விதி தெளிவாகவே இருக்கிறது. மாணவர் தம் திறமைக்கான சான்றுகளைத் தாமே தொகுத்து, வேலை கொடுப்பவர் பார்க்கும்படி இணையத்தில் ஒரு பக்கமாக வைக்க வேண்டும். ‘தாமே’ என்ற சொல்லைக் கண்டும் காணாமல் கடக்க எனக்கு முப்பத்தைந்து ஆண்டு அலுவலகப் பயிற்சி இருந்தது.

உணவுத் தரம் பற்றிய படிப்பு அது. ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் சேர்ந்தேன். அதே வகுப்பில் போடியிலிருந்து இன்னொருவர், நாற்பது வயதுப் பெண். தினமும் ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி, எஸ்டேட்டில் ஏலக்காய் தரம் பிரிப்பவர். போடியிலேயே ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை காலியாக இருந்தது. “பதினேழு வளைவுலயும் நசுங்கி நசுங்கி முட்டி போச்சுண்ணே. இது கெடச்சா நடந்தே சோலிக்குப் போயிருவேன்” என்றார்.

அவருடைய சான்றுகளைத் தொகுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முகப்புக் கடிதம், பொருளடக்கம், பச்சை மையில் சான்றொப்பமிட்ட நகல்கள், எல்லாவற்றுக்கும் பக்க எண். பதினான்காம் பக்கத்தில், ‘இப்பக்கம் காலியாக விடப்பட்டுள்ளது’ என்று எழுதி அதற்கும் அதிகாரியிடம் கையொப்பம் வாங்கினேன்.

ஸ்கேன் செய்து ஏற்றியதை அவர் கைப்பேசியில் கடைசி வரை தள்ளிப் பார்த்தார்.

“இதுல நான் எங்கண்ணே இருக்கேன்?”

“மூணாம் பக்கத்துல உங்க கையெழுத்து இருக்கேம்மா.”

“நல்லவேளை. இல்லாட்டி செத்தவுக ஃபைலுன்னு நெனச்சுருப்பாக.”

மறுவாரம் அவரே ஒரு வீடியோ எடுத்து ஏற்றியிருந்தார். முறத்தில் ஒரு கை ஏலக்காய். முகம் தெரியாது, கையும் குரலும் மட்டும். காயைக் காதருகே குலுக்கி, “கலகலன்னு கேக்கணும். இது கேக்கல பாருங்க, உள்ள ஈரம். மூட்டையில போட்டா பக்கத்துக் காயையும் பூஞ்சை பிடிக்க வச்சிரும்” என்று ஒதுக்குகிறார். வெடித்தது, பிஞ்சு, கறுத்தது எல்லாம் பேச்சோடு பேச்சாகப் பிரிந்துகொண்டே போகின்றன. நடுவில் ஜீப் ஹாரன் வேறு.

“ஹாரனையாவது எடுத்திருங்கம்மா.”

“இருக்கட்டும்ணே. எதுக்கு வேலை கேக்குறேன்னு அவுகளுக்கும் தெரியட்டும்.”

வீடியோ முதலில் இருந்தது. என் கோப்பு மொத்தமும் அடியில், ‘இதர ஆவணங்கள்’ என்ற தலைப்பில். அந்தத் தலைப்பில் எத்தனையோ பேருடைய உழைப்பை நானே தள்ளியிருக்கிறேன்.

விண்ணப்பம் போய் ஒரு மாதம் பதில் இல்லை. நினைவூட்டல் கடிதம் ஒன்று தயாரித்தேன், ‘பார்வை’ என்ற இடத்தில் நான்கு முந்தைய ஆவணங்களைக் குறிப்பிட்டு. “அனுப்பிராதீங்கண்ணே, வாற பதிலும் பயந்து திரும்பிரும்” என்று தடுத்துவிட்டு, வழக்கம்போல் ஜீப் ஏறப் போனார். நான் அதை அனுப்பவில்லை. என் வாழ்நாளில் அனுப்பாமல் விட்ட ஒரே நினைவூட்டல் அதுதான்.

கம்பெனியின் பதில் இரண்டே வரி. திங்கட்கிழமை வேலைக்கு வரவும். முறம் இங்கேயே இருக்கிறது. கோப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதன் கடைசிப் பக்கத்தில் பதில் வரும் தேதிக்காக நான் விட்டிருந்த இடத்தை முறைப்படி நிரப்பினேன். பதில் கிடைத்த நாள்: ஆடி பதினெட்டு, முற்பகல்.