கம்போவுக்குக் கதை சொன்ன சர்வர்

சர்வர் வேலைக்குக் கையும் காலும் கெட்டியாக இருந்தால் போதும் என்று நம்பித்தான் சேர்ந்தேன். மானம் போகும்போது தாங்குகிற முகமும் வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. தட்டேந்தி நின்று பழகிய எவருக்கும் இது புதிதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூர் ரெசிடென்சி ரோடு பக்கம் புதிதாகத் திறந்த ரெஸ்டாரண்ட். லூசியானா என்கிற அமெரிக்க மாநிலத்துச் சமையல். ஒவ்வொரு ஐட்டத்தோடும் அதன் பூர்வீகத்தையும் மேஜையருகே நின்று சொல்ல வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. கனடாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த பிரெஞ்சுக்காரர்கள் சதுப்பு நிலத்தில் குடியேறிச் சமைத்தது கேஜன். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆப்பிரிக்கக் கைகள் கலந்து உண்டானது கிரியோல். இதே பெங்களூரின் அல்சூரில் பிறந்து வளர்ந்த நான் இதையெல்லாம் இங்கிலீஷில் மனப்பாடம் செய்தேன்.

சிவப்புச் சோறு

மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு பெரியவர், மகன் மருமகளோடு வந்திருந்தார். காய்கறி போட்ட ஜம்பலாயா என்கிற சோற்றை வைத்தேன். ஸ்பெயின்காரர்கள் தங்கள் ஊர்க் குங்குமப்பூச் சோற்றை அங்கேயும் செய்யப் பார்த்தார்கள், குங்குமப்பூ கிடைக்காமல் தக்காளியைப் போட்டார்கள் என்று கதையை ஆரம்பித்தேன். மகன் ஆர்வமாகக் கேட்டார். பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அடுத்த மேஜைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“இதையே எங்க தெருமுனையில காலைல டொமேட்டோ பாத்னு குடுக்கறான்ப்பா. கதை மட்டும் கிடையாது.”

வெண்டைக்காய்

சாஃப்ட்வேர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தோழிகளுக்கு விருந்து வைத்தாள். பேச்சில் ஈரோடு தெரிந்தது. கம்போ என்கிற கெட்டிக் குழம்பைக் கொண்டுபோய் வைத்தேன். கரண்டியில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, “அண்ணா, இது வெண்டைக்காய்ங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள். பின்னால் மேனேஜர் நின்றிருந்தார்; மேஜையருகே இங்கிலீஷ் தவிர வேறு பேசக் கூடாது. “ஓக்ரா, மேடம்” என்றேன். கம்போ என்ற பெயரே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதையும் இங்கிலீஷிலேயே சொன்னேன்.

அவள் மறுபடி தமிழிலேயே கேட்டாள். நான் மறுபடி ஓக்ரா என்றேன். தோழிகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் சட்டையைப் பார்த்தாள்.

“உங்க பேட்ஜ்ல முருகேசன்னு போட்டிருக்குங்களே அண்ணா.”

டிபன் பாக்ஸ்

பன்றிக்குடலில் ஈரலும் சோறும் அடைத்துச் செய்கிற கேஜன் சாசேஜ் ஒன்று உண்டு. ஏழை ஜனங்கள் எதையும் வீணாக்காமல் கண்டுபிடித்த அருமையான பண்டம் என்று அன்று மத்தியானம் முழுக்கப் புகழ்ந்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி ஆட்டுக்குடல் வறுவல் வைத்திருந்தாள். வாசனை வந்ததும் மூடியைப் பாதி சாய்த்து மறைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி விழுங்கினேன். எங்கள் சமையல்காரர் தாஸ் அண்ணன் எதிரே உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அதுக்கும் இங்கிலீஷ்ல ஒரு பேரு வெச்சுடு முருகேசா, அப்புறம் மூடியத் தொறந்தே சாப்பிடலாம்.”

பல் தெரிய

ஒரு கம்பெனிக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளியை அழைத்து வந்தார்கள். கறுப்பினப் பெண்மணி, இன்ஜினியர். நான் கம்போவை வைத்து, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் கைப்பக்குவம் இது, முதலாளிகளின் அடுப்படியில் அவர்கள் சமைத்தது என்று அடுக்கினேன். பல் தெரியச் சிரித்தபடியே பேசுவது எங்களுக்குத் தந்த பயிற்சி. மேஜையில் மற்றவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துவிட்டார்கள். அந்தம்மா மட்டும் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். பிடித்துவிட்டது என்று நினைத்து, கப்பலில் வந்த கதையையும் சேர்த்துக்கொண்டேன்.

முடித்ததும், தன் குடும்பம் லூசியானாவிலிருந்து வந்தது என்றார். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இங்கிலீஷில் அவர் கேட்டதன் அர்த்தம் இதுதான்:

“நீங்க சொன்னதெல்லாம் சரி. ஆனா அவங்க எங்க ஆளுங்க. அதைச் சொல்றப்ப ஏன் சிரிக்கிறீங்க?”

‘சாரி மேடம்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மறுநாள் மேனேஜரிடம், தட்டு எடுக்கிறேன், கதை சொல்ல மாட்டேன் என்றேன். தண்ணீர் ஊற்றுகிற வேலைக்கு மாற்றினார்.

இப்போது சிவாஜிநகரில் ஒரு பிரியாணிக் கடையில் இருக்கிறேன். இங்கே யாரும் பூர்வீகம் கேட்பதில்லை, லெக் பீஸ் இருக்கா என்றுதான் கேட்கிறார்கள்.