குளம்பின் மேல் வைத்த கை

அன்று காலை அந்தக் குளம்பு சுட்டதா, இல்லையா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போகும்போதெல்லாம் அவன் நெற்றியில் கை வைக்கிறேன். வைத்த உடனே என் உள்ளங்கை மீதே சந்தேகம் வந்துவிடும். தெர்மாமீட்டரை எடுப்பேன். அது காட்டும் எண்ணையும் நம்பாமல் உதறிவிட்டு மறுபடி வைப்பேன். "எத்தனை வாட்டிதான் வெப்ப? புள்ள தூங்கட்டும் விடு" என்பார் என் கணவர். அவரிடம் நான் வெகுநாள் சொல்லாமல் இருந்த ஒன்று உண்டு. அந்த நேரத்தில் என் கை நினைத்துக்கொள்வது பிள்ளையின் நெற்றியை அல்ல. திண்டிவனத்தில் என் மாமாவின் கொட்டகையில், ஈரத் தரையில் நின்ற ஒரு வெள்ளைக் குதிரையின் முன்னங்கால் குளம்பை.

மாமா என்று நான் சொல்வது என் அம்மாவின் தம்பியை. மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை கொண்டுபோவது அவர் தொழில். செல்லி என்று பெயர் வைத்திருந்த அந்தப் பெண் குதிரையை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு மயிலம், விக்கிரவாண்டி, காணை என்று முகூர்த்த நாளெல்லாம் சுற்றுவார். கோடை விடுமுறை விட்டால் நான் அவர் வீட்டுக்குத்தான் போவேன். பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கும்போது அவர் பைக்கோடு நின்றுகொண்டிருப்பார்; ஒருமுறைகூட என்னைக் காக்க வைத்ததில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் உள்ளே போய்விட வேண்டும். மாமாவோ செல்லியின் கழுத்துக்கு எந்த நிறத்தில் குஞ்சம் வாங்கலாம் என்று என்னைக் கேட்பார். நான் சொன்ன நிறத்தையே வாங்கிவருவார். என் சொல்லைக் கேட்டு நடக்கும் பெரியவர் ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பது அந்த வயதில் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று இப்போது சொல்லிப் புரியவைக்க முடியாது.

எங்கள் பக்கத்து ஊர்வலங்களில் மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுப்பவர்கள் குதிரைக்கும் ஏதாவது ஊட்டுவார்கள். ஒரு வீட்டில் வாழைப்பழம், அடுத்த வீட்டில் வெல்லம், அதற்கடுத்த வீட்டில் ஒரு கிண்ணம் கேசரி. வேண்டாம் என்று சொன்னால் அபசகுனம் என்று முகம் சுளிப்பார்கள். ஊர்வலம் முடிந்தபின் பந்தியில் மிஞ்சின சோற்றையும் பாயசத்தையும் மாமாவே ஒரு அன்னக்கூடையில் வாங்கிவந்து செல்லி முன் வைப்பார். அதன் பலனை ஒரு கோடையில் நேராகப் பார்த்தேன். செல்லி திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தாள். முன்னங்காலால் மண்ணைப் பறித்தாள். படுத்துப் புரண்டாள். கால்நடை மருத்துவர் வந்து மூக்கு வழியே குழாய் விட்டு மருந்து இறக்கினார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது கெட்டுப்போனாலும் மேலே வர வழியில்லை என்று அவர் சொல்லித்தான் தெரியும். "கண்டத கொடுக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று மாமாவைத் திட்டினார். மாமா சிரித்தார். "வர்றவங்களுக்கெல்லாம் எல போட்டுட்டு, மாப்பிள்ளையத் தூக்கிக்கினு வந்தவளுக்கு மட்டும் புல்லு போட்டா நல்லாவா இருக்கும் சார்?" எனக்கும் அப்போது அது அன்பாகத்தான் தெரிந்தது.

அடுத்த கோடையில் நான் போனபோது செல்லி நிற்கும் விதமே மாறியிருந்தது. முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டு, சுவரில் சாயப் போகிறவளைப் போல நின்றாள். ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி வைத்தாள். மருத்துவர் முன்னங்கால் குளம்புகள் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உள்ள எலும்பப் புடிச்சிக்கினு இருக்கிற சதை வீங்கிப் போயிருக்குது. வீங்கறதுக்கு எடமில்ல, சுத்தி குளம்பு கெட்டியா இருக்குது. புண்ணான கால இரும்பு ஷூவுக்குள்ள வெச்சி இறுக்கின மாதிரி." சோறு, தானியம், இனிப்பு எதுவும் கூடாது, புல் மட்டும், கனமாக மணல் பரப்பி அதில் நிறுத்த வேண்டும், தான் வந்து பார்த்துச் சொல்லும்வரை நடக்கவிடக் கூடாது என்றார். கிளம்பும்போது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வலிக்கு நான் கொடுக்கறது போதும். மொத்தமா மறைச்சிடாதீங்க. வலி இருக்கிறவரைக்கும் அவ கால ஊன மாட்டா. இப்ப அவளுக்கு அந்த வலிதான் காவல்."

தினமும் குளம்பைத் தொட்டுப் பார்க்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மருத்துவர்தான் செய்து காட்டினார். உள்ளங்கையைக் குளம்பின் மேல் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். அதற்குச் சற்று மேலே, கணுவுக்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி துடிக்கும். பலமாகத் துடித்தால் வீக்கம் இன்னும் இருக்கிறது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே கொட்டகைக்கு ஓடுவேன். என்னிடம் கேட்காமல் மாமா புல்கூட மாற்றிப் போடமாட்டார். யாராவது குதிரைக்குக் கேட்டு வந்தால் என்னைக் காட்டுவார். "பாப்பாவக் கேளுங்க. பாப்பா ஓகே சொன்னாதான் செல்லி வாசலத் தாண்டும்." வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். எனக்கு அது பதவி.

விக்கிரவாண்டியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு மாமா ஏற்கெனவே தாம்பூலமும் முன்பணமும் வாங்கியிருந்தார். அந்த நாள் நெருங்க நெருங்க அவர் என்னிடம், "இன்னா டாக்டரம்மா, இன்னைக்கு எப்படி?" என்று கேட்பது அதிகமானது. "இன்னும் சுடுது மாமா" என்பேன். சரி என்று போய்விடுவார். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை நான் போனபோது கொட்டகைத் தரை முழுக்க ஈரம். மணலை ஒதுக்கியிருந்தார்கள். "ஈ மொய்க்குதுன்னு கழுவி உட்டேன் பாப்பா" என்றார். செல்லி நேராக நின்றாள். அத்தனை நாளும் நீட்டி வைத்திருந்த கால்கள் உடம்புக்குக் கீழே ஒழுங்காக இருந்தன. குளம்பின் மேல் கையை வைத்தேன். தண்ணீரின் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிக்கு அடியில் ஏதோ ஒன்று. சூடா, என் கையின் வெதுவெதுப்பா? நாடி பார்த்தேன். துடித்தது அவளுடையதா, ஓடிவந்த என் விரலுடையதா? மாமா பக்கத்தில் குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரியாயிடுச்சி போல மாமா" என்றேன். 'போல' என்று சொன்னேன். அது மட்டும் எனக்கு நிச்சயம். அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். "கேட்டுக்கினீங்களா, டாக்டரம்மா சொல்லிட்டாங்க!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்.

அன்று மாலை கோயிலிலிருந்து மண்டபத்துக்குத் தார் ரோட்டில் ஊர்வலம். பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு பேண்டு செட்டுக்குப் பக்கத்தில் நானும் நடந்தேன். பாதி தூரம் நன்றாகத்தான் வந்தாள். பிறகு தலை ஒவ்வோர் அடிக்கும் மேலே எழும்பி எழும்பி இறங்கியது. ஓர் இடத்தில் முன்னங்கால்கள் இரண்டும் மடங்கின. மாப்பிள்ளை சரிந்து, யாரோ பிடித்துக்கொண்டதால் அடிபடாமல் தப்பினார். மேளம் நின்றது. பெண் வீட்டுக்காரர் ஒருவர் மாமாவின் சட்டையைப் பிடித்தார். "நல்ல காரியத்துக்கு நொண்டிக் குதிரையா இட்டாந்த?" மாமா என் பக்கம் கையை நீட்டினார். "நல்லாத்தாங்க இருந்துச்சி. தோ, எங்க அக்கா பொண்ணு, இதான் தெனமும் பாத்துக்கிச்சி. காலைலகூட தொட்டுப் பாத்து சரியாயிடுச்சின்னு சொல்லிச்சி." அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவர் வந்தபோது அவரிடமும் மாமா அதையே சொன்னார். உள்ளே எலும்பு இறங்கிப் பாதத்தைத் துளைத்துவிட்டது, இனி இவளை நிறுத்த முடியாது என்றார் அவர். ஊசி போட்டு அவள் வேதனையை முடித்தார். கையைக் கழுவிக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்தார்.

மாமா என்னைத் திட்டவில்லை. அதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. திண்டிவனம் திரும்பியபின் எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். "உடு பாப்பா. தெரியாமதான சொன்ன?" என்று தலையைத் தடவினார். என்னை மன்னித்த அவரைத் தெய்வமாக நினைத்தேன். பிளஸ் டூ முடித்தபோது கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னார் உயிரியல் ஆசிரியை. ஒரு குதிரையைக் கொன்றவள் எப்படி அதைப் படிப்பது என்று, யாரிடமும் காரணம் சொல்லாமல் பி.காம். சேர்ந்தேன். 'சரியாகிவிட்டது' என்ற வார்த்தையை அதன் பிறகு நான் யாருக்கும் சொன்னதில்லை. காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கு அனுப்பும் நாளில் மகனின் மிஸ் "இப்ப ஓகேவா?" என்று கேட்டால்கூட, "பாத்துக்கங்க மிஸ்" என்றுதான் சொல்வேன்.

போன மாதம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம், காணை பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில். எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் இவர்தான். இப்போது வேறொரு குதிரை வைத்திருக்கிறார். பேரனைக் குதிரையில் வைத்து ஊர்வலமாகக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் ஆசை. "அவ்வளவு நேரம் குதிரை தாங்குமா மாமா?" என்று என் கணவர் கேட்டார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "மாப்ள, அதுக்கெல்லாம் வழி இருக்குது. விடியறதுக்குள்ள ஒரு வலி ஊசியப் போட்டு, கால தண்ணித் தொட்டியில நிக்க வெச்சா அன்னிக்குப் பூரா நடக்கும். அந்தச் செல்லிக்கு அப்படித்தான் செஞ்சேன். இவ வேற ஒண்ணும் தெரியாம, டாக்டரம்மாவாட்டம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு, சரியாயிடுச்சி மாமான்னா. எனக்கு வந்த சிரிப்ப அடக்க முடியல." பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட என் அம்மாவும் சிரித்தார். கணவர் மரியாதைக்குச் சிரித்தார். நான் ரசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னதில் ஒளிவுமறைவே இல்லை. தான் எதையோ ஒப்புக்கொள்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் நான் சுமந்தது அவருக்குச் சாப்பாட்டு நேரத்துச் சிரிப்புக் கதை.

சாப்பிட்டு முடித்து, புதுக் குதிரையின் வீடியோவைக் காட்டினார். பழுப்பு நிறம், நல்ல உயரம். என் மகன் கைதட்டினான். நான் கால்களைப் பார்த்தேன். முன்னங்கால்கள் சற்று முன்னே நீட்டியிருந்தன. ஒரு காலைத் தூக்கி, மறு காலை ஊன்றி, மறுபடி மாற்றியது. அல்லது ஈயை விரட்டியிருக்கலாம். திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க நிச்சயம் குறைந்தது. "குதிரை வேணாம் மாமா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அதே பழைய பிரியம், அதே சிரிப்பு. "பேஜாரு பண்ணாத பாப்பா. சந்தேகமா இருந்தா காலைல நீயே வந்து தொட்டுப் பாரு. நீ ஓகே சொன்னாதான் குதிரை வரும்." அவர் போனபின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, குதிரையும் வேண்டாம், மாமா மடியும் வேண்டாம் என்றால் என்ன என்று கேட்டேன். "குதிரைய வேணா நிறுத்திக்கலாம்மா. அவன் மடிய எப்பிடி நிறுத்துவ? பழசையெல்லாம் கிளறி, கூடப்பொறந்தவன என்கிட்டேயிருந்து பிரிச்சிடாத" என்றார்.

இதை வாசிப்பவர்களில் குதிரை வளர்ப்பவர்களோ கால்நடை மருத்துவம் அறிந்தவர்களோ இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வலி ஊசி போட்டுத் தண்ணீரில் நிறுத்திய குளம்பை வெறும் கையால் தொட்டுக் கண்டுபிடிக்க ஒரு பெரியவராலாவது முடியுமா? முடியாது என்றால் அந்தச் சிறுமியை நான் விட்டுவிடுவேன். அந்தப் பழுப்புக் குதிரைக்கு உண்மையிலேயே கால் வலி இருந்தால், எங்கள் ஊர்வலம் இல்லாவிட்டாலும் அது வேறொரு வீட்டு ஊர்வலத்தில் நடந்துகொண்டிருக்கும். அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? குதிரை இல்லாத வாழ்க்கையை வாழும் மற்றவர்களிடம் கேட்பது இதுதான். நேற்றும் என் மகனுக்கு உடம்பு லேசாகச் சுட்டது, அல்லது சுட்டதாக என் கைக்குத் தோன்றியது. என் கை சொன்னதை நானே நம்ப முடியாமல் செய்தவரின் மடியில், காதில் ஊசி குத்தும் நேரத்தில், என் பிள்ளையை உட்கார வைக்கலாமா?